43 டாலர்

என் வீட்டில் வேலை செய்த அம்மாளுக்குச் சேர வேண்டிய காப்பீட்டையும் ஓய்வூதியச் சந்தாவையும் நான் கட்டாமல் ஏமாற்றினேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

ஊர் குவெங்கா. ஈக்குவடாரின் தெற்கில், ஆண்டீஸ் மலைமேல், கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நான்கு ஆறுகள் ஓடுகின்றன. வருஷம் முழுக்கக் கொடைக்கானல் குளிர். நியூயார்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நானும் என் மனைவியும் அந்த ஓய்வூதியத்தில் இங்கே தாராளமாக வாழ்கிறோம். 2000-ஆம் ஆண்டு முதல் இந்த நாட்டின் பணமே அமெரிக்க டாலர்தான், மாற்றுகிற தொல்லைகூட இல்லை. மூன்று டாலருக்குச் சூப்பு, சோறு, பழச்சாறோடு மதியச் சாப்பாடு கிடைக்கும். 65 வயது தாண்டினால் பேருந்தில் பாதிக் கட்டணம். காலையில் டோமெபாம்பா ஆற்றங்கரையில் நடை. பிறகு எங்களைப் போல வந்து குடியேறிய கிழவர்களோடு காப்பி. அங்கே அடிக்கடி ஒரு பேச்சு வரும்: “கூலியைக் கூட்டிக் கொடுத்து ஊரைக் கெடுக்காதீர்கள்.” வெள்ளைக்காரர்கள் சொல்வார்கள், நான் தலையாட்டுவேன். அதே சமயம், நான் ஏழை நாட்டிலிருந்து போனவன், இந்த ஜனங்களின் கஷ்டம் இவர்களைவிட எனக்குத்தான் தெரியும் என்றும் ஒரு நினைப்பு.

அந்த அம்மாள் 2018-இல் வேலைக்குச் சேர்ந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. 1999-இல் இங்கே வங்கிகள் கவிழ்ந்த பிறகு இந்தப் பக்கத்து ஆண்கள் கூட்டம் கூட்டமாக நியூயார்க்குக்குப் போனார்கள். அவர் புருஷனும் போனார். சில வருஷம் பணம் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

அவர் சேர்ந்த வருஷம் அடிப்படைச் சம்பளம் 386 டாலர். வீட்டு வேலைக்கும் அதுதான் சட்டம். நான் 320 கொடுத்தேன். மதியச் சாப்பாடு போடுகிறோமே என்று மிச்சத்தைக் கழித்துக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே சமூகக் காப்பீட்டுக் கழகத்தில் பதிய வேண்டும் என்பதும் சட்டம். முதலாளி பங்கு சுமார் 11 சதவீதம். கணக்குப் போட்டால் மாதம் 43 டாலர். பதியாமல் விட்டால் சில நாள் சிறைகூட உண்டு. டிசம்பரில் பதின்மூன்றாவது சம்பளம், ஆகஸ்டில் பதினான்காவது சம்பளம், அவை தனி. நான் டிசம்பரில் 50 டாலரும் ஒரு மிட்டாய்ப் பையும் கொடுத்தேன். கொடுத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. கும்பகோணத்தில் என் அம்மா வேலைக்காரிக்குத் தீபாவளிப் புடவை கொடுப்பாள். அந்தப் பெருந்தன்மை என்னிடமும் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். முப்பது வருஷம் மற்றவர்களின் சம்பளத்தில் சமூகப் பாதுகாப்பு வரியைப் பிடித்து, முதலாளியின் பங்கையும் சேர்த்துக் கட்டியவன். இன்று நான் சாப்பிடும் சோறு அப்படிக் கட்டிய பணம். இங்கே வந்து அடையாள அட்டை கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அதே காப்பீட்டுக் கழகத்தில் என்னையும் மனைவியையும் பதிந்துகொண்டது. அப்போது இருவருக்கும் சேர்த்து மாதம் சுமார் 80 டாலர். எந்தப் பக்கத்தில் எதை அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் மனைவியும் சொன்னாள்: “என்னங்க, அந்தம்மாவையும் பதிஞ்சு விட்டுடுங்களேன்.” பார்க்கலாம் என்றேன்.

ஒரு நாள் காலை அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். உள்ளே அடையாள அட்டையின் நகல், கையால் எழுதிய ஒரு தாள், வீட்டு மின்கட்டண ரசீது. தனக்கு ஒரு தொப்பிப் பட்டறையில் பல வருஷம் சந்தா கட்டியிருப்பதாகச் சொன்னார். 65 வயதில் ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து வருஷச் சந்தா வேண்டும். இல்லாவிட்டால் 70 வரை காத்திருக்க வேண்டும். மிச்ச வருஷங்களை எண்ணி வைத்திருந்தார். காப்பீட்டில் சேர்க்க முடியுமா, செஞோர், என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஃபேரியா லிப்ரே சந்தையில் உருளைக்கிழங்குக்குப் பேரம் பேசுகிற ஸ்பானிஷ் என்னிடம் இருந்தது. புரியவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். மின்கட்டண ரசீதை எடுத்துப் பார்த்து, கரண்டுக்குப் பணம் கேட்கிறார் என்று நினைத்ததுபோல நடித்து, பத்து டாலரை நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பணத்தை வாங்கி அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார். அதன் பிறகு கேட்கவே இல்லை.

43 டாலருக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். பணம் பாதிதான் காரணம். பதிந்தால் அவர் தொழிலாளி, நான் முதலாளி. அவருக்குச் சேர வேண்டியது கணக்கில் ஏறும். பதியாவிட்டால் நான் கொடுப்பதெல்லாம் தர்மம். எனக்குத் தர்மவானாக இருப்பது பிடித்திருந்தது.

2022-இல் மகளின் பிரசவத்துக்காக மனைவி நியூஜெர்ஸி போயிருந்தாள். அன்று மாலை நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். தூறலாக இருந்தது. மொட்டைமாடியை நாளைக்குக் கழுவலாமா என்று அந்த அம்மாள் கேட்டார். இன்றைக்கே வேண்டும் என்றேன். ஈர ஓட்டில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. டாக்சி பிடித்து, காசு கொடுத்து, தனியாக அனுப்பினேன். கூடப் போகவில்லை. விருந்தாளிகள் வரும் நேரம்.

அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கட்டுப் போட்டார்கள். ஆனால் வேலை செய்யாத மாதங்களுக்குச் சம்பளத்தின் பெரும்பகுதியைக் காப்பீடு கொடுத்திருக்கும். அது போயிற்று. இரவு அவரே போன் செய்தார். எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார்களாம். “என் வீட்டில்தான் விழுந்தேன் என்று சொல்லிவிட்டேன், செஞோர். பயப்படாதீர்கள்.” எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி.

அடுத்த வாரமே வேறொரு பெண்ணை வேலைக்கு வைத்தேன். ஒரு வழக்கறிஞரிடம் கேட்டேன். பழைய சந்தாவை வட்டியோடு கட்டிப் பதியலாம், அபராதமும் வரும் என்றார். தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அவர் உரிமை போகாது, 2008 அரசியல் சட்டத்திலேயே அப்படி இருக்கிறது என்றும் எச்சரித்தார். நான் 600 டாலரை உறையில் போட்டு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு தாள் தயாரித்து, அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அது செல்லாத தாள் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. கட்டுப் போட்ட கையால் முடியாமல் இடது கையால் கையெழுத்துப் போட்டார். எனக்குக் காப்பியும் கொடுத்தார். குடித்தேன்.

இப்போது அவர் இரண்டு வீடுகளில் தினக்கூலிக்குத் துணி துவைக்கிறார். பழைய சந்தாவைக் கட்டும் மனுவை நான் இன்னும் போடவில்லை. அபராதத்துக்குப் பயம். அவர் கையெழுத்துப் போட்ட தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை என் மனைவியிடம் காட்டியதில்லை. அந்தம்மாவே வேலையை விட்டு நின்றுகொண்டார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியும்.