கார்பென்டரிடம் பேச நாலு வார்த்தை

சுலபமாக இத்தாலியன் கற்றுத்தரும் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். "ரயில் எத்தனை மணிக்கு?" இருக்கும். "உங்கள் கண்கள் அழகு"கூட இருக்கும். "அட்வான்ஸ் எவ்வளவு சார்?" மட்டும் இருக்காது!

ஆபீஸில் என்னை டூரினுக்கு மாற்றியபோது முதலில் தேவைப்பட்டது அதுதான். இத்தாலியில் பல வாடகை வீடுகளில் சமையலறை என்றால் நாலு சுவர், ஒரு தண்ணீர்க் குழாய். அவ்வளவே. அலமாரி, மேடை எல்லாம் குடித்தனக்காரர் பாடு. மனைவி குக்கரோடு வந்து இறங்க ஆறே வாரம். கார்பென்டரைக் கூப்பிட்டேன்.

முதல் வார்த்தை 'ப்ரெவென்தீவோ'. எஸ்டிமேட். எழுதித்தான் வாங்க வேண்டும். 2,400 யூரோ என்று எழுதினார். "ஈவா கொம்ப்ரேஸா?" என்றேன். வரி சேர்த்தா? இல்லையாம். 22 சதவீதம் தனி. அதாவது இன்னும் 528!

என் முகம் போன போக்கைப் பார்த்து மனுஷர் குரலைத் தாழ்த்தினார். "சென்ஸா ஃபத்தூரா?"

பில் வேண்டாமென்றால் வரியும் வேண்டாம். நம்மூரில் கேட்டுப் பழகிய பாட்டுதான். ஆனால் 528 யூரோ சார்! மாசாமாசம் அப்பாவுக்கு அனுப்புவதைவிட ஜாஸ்தி. இருந்தாலும், நாளைக்கு அலமாரி வராமல் போனால் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் யாரிடம், எந்த பாஷையில் அழுவது? "கோன் ஃபத்தூரா" என்றேன். பில்லோடுதான். சில்லறை 28 யூரோவைத் தள்ளுபடி செய்தார். தங்கமான மனுஷர்.

அட்வான்ஸ் 900 கேட்டார். சூட்சுமம் இங்கேதான். 'அக்கோன்தோ' என்று எழுதினால் வெறும் முன்பணம். 'கப்பார்ரா கொன்ஃபெர்மத்தோரியா' என்று எழுதினால் சமாசாரமே வேறு. சிவில் சட்டம் 1385-வது பிரிவின்படி, அவர் வாக்குத் தவறினால் இரட்டிப்பாகத் திருப்பிக் கேட்கலாம். நான் பின்வாங்கினால் என் பணத்தை அவரே வைத்துக்கொள்ளலாம். (நம்மூர் நிச்சயதார்த்தங்களுக்கு இப்படி ஒரு பிரிவு இருந்தால் தேவலை!)

"கப்பார்ரா" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்த அரை நிமிஷம் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஆள் எழுந்து போய்விட்டால் ஆறு வாரத்தில் வேறு யார் கிடைப்பார்? அப்புறம் எழுதினார். பாக்கி 2,000-க்கு நானே வாசகம் சொன்னேன்: "சால்தோ ஆ ஃபீனே லவோரி." வேலை முடிந்த பிறகு.

ஐந்தாவது வாரம் அலமாரி வந்தது. ஜோரான மரம். ஒரு கதவு மட்டும் மூடவில்லை.

"நோன் கியூதெ" என்றேன், செல்போனில் பாங்க் ஆப்பைத் திறக்காமல்.

பெருமூச்சு விட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.