படம் வந்துவிட்டது, கணக்கு?

ஜிஐஎஸ் எனும் புவியியல் தகவல் மென்பொருளுக்கான இடைநிலைப் பயிற்சிகளின் பாடத்திட்டம் பெரும்பாலும் கருவிகளின் பட்டியலாகவே இருக்கிறது. பஃபர், ஓவர்லே, ராஸ்டர் கால்குலேட்டர், கொஞ்சம் பைத்தான். அடிப்படை வகுப்பில் பத்துப் பொத்தான்களைத் தெரிந்துகொண்டவர் இங்கே முப்பதைத் தெரிந்துகொள்கிறார். இதை அடுத்த நிலை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கியூஜிஐஎஸ் ஆனாலும் ஆர்க்ஜிஐஎஸ் ஆனாலும், பொருந்தாத தரவைக் கொடுத்தால்கூட பெரும்பாலும் மறுப்பேதும் சொல்லாமல் ஒரு வண்ணப் படத்தைத் தந்துவிடும். அந்தப் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்லத் தெரிந்தவரே இடைநிலைக்கு வந்தவர்.

ஏரியின் பரப்பளவை எடுத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியில் வைத்து, அதன்மேல் ஏரியின் கரையை வரைந்து, பரப்பைக் கணக்கிடுவது எல்லா வகுப்பிலும் உள்ள பயிற்சி. இணைய வரைபடங்கள் பெரும்பாலும் வெப் மெர்கேட்டர் என்ற ப்ரொஜெக்‌ஷனில் வருகின்றன. வரைந்த லேயரும் அதிலேயே இருந்தால், சென்னை அட்சரேகையில் 100 ஹெக்டேர் ஏரி சுமார் 106 ஹெக்டேராகத் தெரியும். ஏறக்குறைய 15 ஏக்கர் கூடுதல். ஆக்கிரமிப்பு வழக்கில் இது சின்ன எண் அல்ல. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கியூஜிஐஎஸ்ஸின் ஃபீல்ட் கால்குலேட்டரில் டாலர் குறியோடு ஏரியா என்று எழுதினால், ப்ராஜெக்டில் குறித்திருக்கும் எலிப்சாய்டின்படி பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிடும். டாலர் இல்லாத ஏரியா ஃபங்ஷனோ லேயர் இருக்கும் தட்டையான தளத்தில் அளந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே போலிருக்கும், விடை வேறு. யுடிஎம் ப்ரொஜெக்‌ஷனுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்பார்கள். ஆனால் இரண்டு யுடிஎம் மண்டலங்களின் எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டை நெடுக வெட்டிச் செல்கிறது. கோவையும் திண்டுக்கல்லும் 43ஆம் மண்டலம், மதுரையும் சென்னையும் 44. மாநிலம் முழுவதற்கும் எதைத் தேர்வது, ஏன் என்று விவாதிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கும் வகுப்பே எனக்குப் பிடித்த வகுப்பு.

வெள்ள வரைபடம் இதைவிட ஆபத்தானது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதன் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர்; உயரம் முழு மீட்டர்களில்தான் பதிவாகியிருக்கும்; திட்டமிட்ட உயரத் துல்லியமே 16 மீட்டர். கட்டடம் நிறைந்த இடத்தில் ரேடார் அலை கூரையில் பட்டுத் திரும்பும், மரம் அடர்ந்த இடத்தில் இலைப்பரப்பில். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற சமதளத்திலோ, முழங்கால் உயர வித்தியாசம்தான் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்தத் தரவின்மேல் இரண்டு மீட்டர் தண்ணீர் ஏற்றி, தெருத்தெருவாக நீலம் பூசிக் காட்டலாம். ராஸ்டர் கால்குலேட்டரில் ஒரே வரி. அந்த வரியைக் கற்றுக்கொடுத்துவிட்டு, தரவின் பிழை எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விடுவதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் கல்லூரியில் படிக்க வேண்டிய கோட்பாடு, மூன்று நாள் வகுப்பில் எங்கே நேரம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமே. ஆனால் கையில் சொந்தத் தரவு வந்து, விடை இடிக்கும்போதுதான் ப்ரொஜெக்‌ஷன் பாடம் மண்டையில் ஏறும்; அந்தத் தருணம் வாய்ப்பது இடைநிலையில்தான். மென்பொருளே எச்சரிக்குமே என்பது அடுத்த வாதம். எச்சரிக்கிறது, மறுக்கவில்லை. டிகிரியில் உள்ள லேயருக்கு பஃபர் போட்டால் கியூஜிஐஎஸ் ஒரு எச்சரிக்கைக் குறி காட்டும். பலர் அதைப் பார்த்தபிறகும், 500 மீட்டருக்கு 0.0045 என்று குத்துமதிப்பாக அடித்துவிட்டு நகர்கிறார்கள்.

வலுவான மறுப்பு வேலைவாய்ப்பு பற்றியது. விளம்பரங்கள் கேட்பது மென்பொருளின் பெயரைத்தானே? உண்மை; கருவிப் பயிற்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் கருவிக்கு ஆயுள் குறைவு. 2018இல் கியூஜிஐஎஸ் மூன்றாம் பதிப்பு வந்தபோது பழைய ப்ளக்‌இன்களைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறையே பழகிய ஆர்க்மேப்புக்கு எஸ்ரி நிறுவனம் 2026 மார்ச்சைக் கடைசியாகக் குறித்தது. 78 டிகிரிக் கோடு எந்தப் பதிப்பிலும் நகரப்போவதில்லை.

ஆகவே பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் மாவட்டத்துத் தரவைக் கொண்டுவந்து வேலை செய்ய விடுவார்களா? வேண்டுமென்றே பிழை வைத்த ஒரு வரைபடத்தைக் கொடுத்து, எங்கே தவறு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்களா? இரண்டுக்கும் இல்லை என்றால், அந்தப் பாடத்தை யூடியூபில் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம்.