வாசிக்கப்படாத பெயர்கள்

கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அது. இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கோவில் முற்றத்தில் கூடி நின்றார்கள். கொடிமரத்தின் அருகே நீண்ட மேசை போடப்பட்டிருந்தது. அதன்மேல் ஐந்து கிலோ அரிசிப் பைகளும் சேலைகளும் வேட்டிகளும் அடுக்கப்பட்டிருந்தன. பின்னால் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் பெயர் எழுதிய துணிப் பதாகை தொங்கியது. பங்குத்தந்தை அவற்றை மந்திரித்தார். கிளைச் சபையின் செயலர் என்ற முறையில் ஒலிபெருக்கியின் முன் நின்று பெயர்களை வாசித்தவன் நான்.

பெயர் வாசிக்கப்பட்டவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவார். பங்கின் பெரியவர் ஒருவர் பையைக் கொடுப்பார். நிழற்படம் எடுப்பவர், சற்றே இப்பக்கம் திரும்பச் சொல்வார். பிறகு கைதட்டல். ஆண்டுதோறும் இவ்வாறுதான் செய்து வந்தோம். அதில் குறை எதுவும் இருப்பதாக எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை.

ஒரு பெயருக்கு மட்டும் அன்று யாரும் வரவில்லை. மூன்று முறை வாசித்தேன். மூன்றாம் முறை, கேட்காதவர்களுக்கும் கேட்கட்டும் என்று, கணவர் பெயரையும் தெருவின் பெயரையும் சேர்த்தே வாசித்தேன். பின்னர் என் குறிப்பேட்டில் அந்தப் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதினேன்.

அன்று மாலை அந்தப் பையை வண்டியில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டிற்குப் போனேன். உள்ளத்தில் சிறு எரிச்சல் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நன்மை செய்ய வருகிறவனை அலைய விடுகிறார்களே என்ற எரிச்சல். அந்த வீட்டுக்காரர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஓராண்டாகப் படுக்கையில் கிடந்தார். அவர் மனைவி வாசலுக்கு வந்தார்.

"கோவிலுக்கு வந்திருந்தேன் சார். கெபிக்குப் பின்னாலதான் நின்னேன். அரிசி வேண்டாம்னு சொல்ற நிலையிலா நாங்க இருக்கோம்? பேரை மட்டும் மைக்கிலே வாசிக்காதீங்க. எம் பொண்ணு பாட்டுக் குழுவிலே நின்னுக்கிட்டிருந்தா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பையைத் திண்ணையில் வைத்தேன். கதவுக்குப் பின்னால் பள்ளிச் சீருடையின் ஒரு நுனி தெரிந்தது. உடனே உள்ளே மறைந்துவிட்டது. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் பாடகர் குழுவில் அவள் இல்லை. அதன் பிறகும் வரவில்லை.

ஐந்து கிலோ அரிசியைக் கொடுத்து ஒரு பெண்பிள்ளையின் பாட்டை வாங்கிக்கொண்டோம் என்ற எண்ணம் என்னைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை. அந்த இரவுகளில்தான், நெடுங்காலமாக நினையாதிருந்த ஒரு நினைவு மேலெழுந்து வந்தது.

நான் பிறந்தது தேரிக்காட்டின் ஓரத்தில் ஒரு சிற்றூர். எங்கள் பங்கில் அக்காலத்தில் பிடியரிசி வழக்கம் இருந்தது. உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு மண்கலயத்தில் போட்டுவைக்க வேண்டும். ஞாயிறு மாலையில் மூதாட்டி ஒருவர் வீடுவீடாக வந்து அதனைச் சேர்த்துக்கொண்டு போவார். திக்கற்றவர்களுக்கு அது போய்ச் சேரும். எங்கள் வீட்டில் ஒரு வேளைதான் உலை ஏறும். ஆயினும் என் தாய் அந்தப் பிடியைத் தவறவிட்டதில்லை.

நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது பனையேறியான என் தந்தை மறைந்தார். அடக்கத்திற்குப் பின் வந்த ஞாயிறன்றும் அந்த மூதாட்டி வழக்கம்போல் வந்தார். கலயத்தின் அடியில் கிடந்ததை என் தாய் வழித்து அவருடைய பெட்டியில் போட்டார். மூதாட்டி மறுக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எப்போதும்போல் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டிற்குச் சென்றார். இருட்டிய பிறகு புறவாசல் பக்கம் அவர் குரல் கேட்டது. கையில் நிறைந்த ஓலைக்கொட்டான்.

"போன வாரக் கணக்கிலே உன் அரிசி கூடி வந்துட்டு, தாயி. இந்தா பிடி."

அவ்வாறே வாரந்தோறும் கணக்குத் தவறிக்கொண்டே இருந்தது. வாரந்தோறும் என் தாய் முன்வாசலில் ஒரு பிடி கொடுத்தார். புறவாசலில் ஒரு கொட்டான் பெற்றார். நான் என் முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்த நாளில்தான் தாய் இதனை எனக்கு விளக்கிச் சொன்னார். "வாங்குறவளா என்னை அந்தக் கிழவி ஒருநாளும் நிக்க வச்சதில்லை. கடைசி வரைக்கும் கொடுக்கிறவளாவே வச்சிருந்தா" என்றார்.

அந்த மூதாட்டிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் திருவள்ளுவர் ஈகை அதிகாரத்தில் சொன்னதை அவர் அறிந்திருந்தார். இல்லை என்று ஒருவன் வாய்விட்டுச் சொல்லும் துயரம் நேருமுன்பே கொடுத்துவிடுவது உயர்குடிப் பண்பு என்று அங்குள்ள ஒரு குறளுக்கு உரை சொல்வதுண்டு. நானோ, அந்த "இல்லை" என்பதை அவர்கள் சார்பில் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சபையின் வரலாற்றை அதற்குப் பின்னரே கருத்தூன்றிப் படித்தேன். எந்தப் புனிதரின் பெயரைப் பதாகையில் எழுதித் தொங்கவிட்டோமோ, அவருடைய வாழ்விலேயே எங்களுக்குரிய பாடம் இருந்தது. 1617 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் சாத்தியோன் என்னும் சிற்றூரில் வின்சென்ட் தே பவுல் பங்குத்தந்தையாக இருந்தார். ஒரு குடும்பத்தில் அனைவரும் நோயுற்று, உதவ ஆளின்றிக் கிடப்பதாக ஒரு ஞாயிறன்று கேள்விப்பட்டு, மறையுரையில் அதனை எடுத்துரைத்தார். மக்கள் உள்ளம் உருகினார்கள். அன்று பிற்பகலில் அவரே அந்த வீட்டை நோக்கி நடந்தபோது, வழியெங்கும் உணவு சுமந்து போவோரும் திரும்புவோருமாகக் கண்டார். அவருக்கு மகிழ்ச்சியோடு கவலையும் பிறந்தது. இத்தனை உணவும் இன்றே குவிந்தால் பாதி கெட்டுப்போகும். நாளை அவர்கள் மீண்டும் பசித்திருப்பார்கள். இரக்கத்திற்குக் குறைவில்லை, ஒழுங்குதான் இல்லை என்று கண்டு, முறை வைத்து நாள்தோறும் உதவும் பெண்கள் குழு ஒன்றை அங்கே ஏற்படுத்தினார். கிறிஸ்து பிறப்பிற்கு ஒரு பை கொடுத்துவிட்டு, தவக்காலம்வரை அந்தத் தெருப்பக்கம் போகாத எங்களுக்கு இதனைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

1833 ஆம் ஆண்டு பாரிசு நகரில் இச்சபையைத் தொடங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்களுள் முதன்மையானவரான பிரெடரிக் ஓசானாமுக்கு அப்போது வயது இருபது. உங்கள் திருச்சபை ஏழைகளுக்காக இன்று என்ன செய்கிறது என்று எதிரணியினர் விவாத மேடையில் கேட்ட கேள்வியே அவர்களைத் தூண்டியது. அவர்களுக்கு வழிகாட்டிய அருள்சகோதரி ரோசலி ரெந்து, ஏழைகளின் வீடுகளுக்கே அவர்களை அனுப்பினார். திருச்சபை ஓசானாமுக்கு 1997 லும் ரோசலி அம்மையாருக்கு 2003 லும் அருளாளர் பட்டம் வழங்கியது.

ஏன் வீடுகளுக்கு? ஏழையை நம் முற்றத்திற்கு அழைத்தால் நாம் வள்ளல், அவர் இரவலர். அவர் வாசலில் நாம் போய் நின்றால் நாம் விருந்தினர், அவர் வீட்டுக்கு உரியவர். பாயை உதறிப் போட்டு "உட்காருங்க" என்று சொல்லும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது. இச்சபையின் வாரக் கூட்டத்தில் இரகசியப் பை ஒன்று சுற்றிவரும். யார் எவ்வளவு இட்டார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. கொடுப்பவரின் பெயரையே இவ்வளவு கவனமாக மறைத்த முன்னோர், பெறுபவரின் பெயரைக் கூவுவதற்கு இசைந்திருப்பார்களா?

இன்னொன்றும் உண்டு. பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஆணை ஏடு, நீதியின்படி ஒருவருக்கு உரியதை அன்பளிப்புபோல் கொடுக்கக்கூடாது என்று எச்சரிக்கிறது. துன்பத்தின் விளைவை மட்டுமன்றி அதன் காரணத்தையும் களையச் சொல்கிறது. அந்தக் கொத்தனாரின் வீட்டிற்கு நாங்கள் இருவர் வாரந்தோறும் போகத் தொடங்கிய பிறகே, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் செய்திருந்த பதிவு புதுப்பிக்கப்படாமல் கிடந்ததை அறிந்தோம். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. மருத்துவச் சான்று, நிழற்படம், விண்ணப்பம் என்று பல மாதங்கள் அலைந்தோம். அலைந்து பெற்றது அவருக்கு உரியது, எங்கள் கொடையன்று. அதனால்தானோ என்னவோ, முதல் தொகை வந்த நாளில் அவர் எங்களுக்கு நன்றி கூறவில்லை. தம் பணத்தில் தேநீர் வாங்கிவரச் செய்து எங்களைக் குடிக்கவைத்தார். நான் பருகிய தேநீர்களில் அதற்கு ஈடானது வேறில்லை.

இப்போது எங்கள் பங்கில் மேசையும் பதாகையும் இல்லை. குடும்பங்களின் பட்டியல் செயலரின் பெட்டிக்குள் இருக்கிறது. பெறுபவர் பெயரை நிறுத்தியபோது, கொடுப்பவர் பெயரை அறிவிப்பதையும் நிறுத்தினோம். இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டு நன்கொடை குறைந்தது. சிலர் வருத்தப்பட்டார்கள், சிலர் விலகினார்கள். குறையை ஈடுசெய்யப் பழைய பிடியரிசியை மீண்டும் தொடங்கினோம். அன்பியங்கள்தோறும் சொல்லி வைத்தோம், மெல்லப் பற்றிக்கொண்டது.

அந்தோனியார் திருவிழா அசனத்திற்கு அந்த அரிசியும் சேர்கிறது. அசனப் பந்தியை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஒரே கொப்பரைச் சோறு, ஒரே குழம்பு. நேர்ச்சை செலுத்தியவரும் ஒருநாள் வயிறார உண்ண வந்தவரும் ஒரே வரிசையில் அமர்கிறார்கள். யார் எவர் என்று இலைக்குத் தெரியாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2017 இல் முதலாம் உலக வறியோர் நாளைச் சிறப்பித்தபோது, வறியோரோடு ஒன்றாக அமர்ந்து உணவருந்தினார். நம் ஊர்களின் அசனப் பந்தி அந்தப் பாடத்தை முன்னமே அறிந்தது. அறிந்தும் நாம் கொடிமரத்தடியில் மேசை போட்டோம்.

அந்தப் பெண் இப்போது திருப்பலிக்கு வருகிறாள். பாடகர் குழுவிற்குத் திரும்பவில்லை. கடைசி வரிசையில் தூணோரம் நிற்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். கேட்டால், அவள் பெயரை மீண்டும் ஒருமுறை வாசித்ததுபோல் ஆகிவிடுமோ என்று அஞ்சி நின்றுவிடுகிறேன். ஆண்டவரிடம் மட்டும் கேட்டு வருகிறேன்.

சென்ற மாதம் பிடியரிசி சேர்க்கும் முறை எனக்கு வந்தது. அந்தக் கொத்தனார் வீட்டு வாசலிலும் நின்றேன். அவர் மனைவி உள்ளே சென்று ஒரு சிறு தூக்குவாளியைக் கொண்டுவந்து என் பைக்குள் கவிழ்த்தார். அரிசி சரசரவென்று விழுந்தது. வேண்டாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. அப்போது என் தாயின் மண்கலயம் நினைவிற்கு வந்தது. ஒன்றும் சொல்லாமல் பையை விரித்துப் பிடித்து, முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.