காதுக்குப் பட்டி!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. கறிக்கடையில் ஆளாளுக்கு நெஞ்செலும்பு, தொடைக்கறி என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் "பாய், ரெண்டு ஜோடி காது" என்றேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"சூப்புக்கா சார்?"

"இல்ல பாய், பாடம் பண்ண!"

அவர் பரீட்சை சமாசாரம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "நல்லாப் படிங்க" என்று பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இருங்காட்டுக்கோட்டை தெரியுமோ? சென்னையிலிருந்து பெங்களூர் ரோட்டில், ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற ஊர். பெயரில் காடும் உண்டு, கோட்டையும் உண்டு. போய்ப் பார்த்தால் சிப்காட்தான் இருக்கிறது. 1998-ல் ஹுண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது இங்கிருந்துதான். ஒரு பக்கம் ரேஸ் டிராக்கில் வண்டிகள் அலறும். இன்னொரு பக்கம் ஷிஃப்ட் பஸ்கள் வரிசை கட்டும். இந்த ஊரில் இருந்துகொண்டு மிருகங்களைப் பாடம் பண்ணும் ஆசை எனக்கு வந்ததென்றால், அதற்கு ஒரு மான் தலை காரணம்.

பழைய பங்களா ஒன்றின் சுவரில் அதைப் பார்த்தேன். கொம்பு ஜோர். கண்ணாடிக் கண் பளபள. காது மட்டும் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு, விரிசல் விட்டிருந்தது. அந்த ஒரு காதால் மொத்தத் தலையும் 'நான் செத்துவிட்டேன்' என்றது.

விசாரித்ததில் தெரிந்த சூட்சுமம் இது. காதுக்குள் இருக்கும் குருத்தெலும்பை அப்படியே விட்டால் காய்ந்து சுருங்கி, தோலையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே அதை உருவியாக வேண்டும். பின்பக்கத் தோல் சுலபமாகப் பிரியும். முன்பக்கம்தான் வம்பு, பசை போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். மழுங்கிய கருவியால் நெம்பி நெம்பி, நுனிவரை சாக்ஸைத் திருப்புவது போல உள்வெளியாகத் திருப்ப வேண்டும். பிறகு உப்பு, படிகாரம். காலியான காதுக்குள் எதையாவது நிரப்பி நிமிர்த்த வேண்டும். அமெரிக்காவில் பலர் அதற்கு உபயோகிப்பது என்ன தெரியுமா? நசுங்கிய கார் கதவுக்குப் பூசுகிற அதே பட்டி!

அதற்கு இந்த ஊரில் பஞ்சமா? டிங்கரிங் ஷெட் அண்ணனிடம் போனேன். ஆட்டுக்காதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஹார்ட்னர் கம்மியாப் போடுங்க சார். இந்த வெயிலுக்கு சட்டுனு இறுகிடும்."

கேட்டேனா? முதல் காது என் கையிலேயே கல்லானது. இரண்டாவதை அண்ணனே வாங்கிக் கட்டை விரலால் நீவினார். சும்மா சொல்லக்கூடாது, காது நிமிர்ந்து நின்றது.

"அடுத்து மான் காதா சார்?" என்றார்.

அங்கேதான் இடிக்கிறது. மைசூரில் வான் இஞ்சன் குடும்பம் 1900 வாக்கில் ஆரம்பித்த பட்டறை, மகாராஜாக்களும் துரைமார்களும் சுட்ட புலி, சிறுத்தைகளை ஆயிரக்கணக்கில் பாடம் பண்ணியது. காகிதக்கூழ் உருவத்தின்மேல் தோலைப் போர்த்தினால் பாயப்போகிற மாதிரி இருக்குமாம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொழில் தேய்ந்து, 1999-ல் பட்டறையை மூடிவிட்டார்கள். இன்றைக்கு மானைக் கொன்றாலும் குற்றம், அனுமதி இல்லாமல் அதன் தலையை வைத்திருந்தாலும் குற்றம்.

'தானாகச் செத்துக் கிடந்தால்?' என்று மனசு குறுக்குக் கேள்வி கேட்டது. அதற்கும் பரீட்சை வந்தது.

ஒருநாள் விடியற்காலை, வண்டலூர் - ஒரகடம் சாலையில் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். காட்டை ஒட்டிய இடத்தில் ஒரு புள்ளிமான். எதுவோ அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. சாலையில் ஈ காக்கை இல்லை. என்னிடம் பெரிய பை இருந்தது. பொய் சொல்வானேன், அந்தப் பையைப் பார்த்தேன்.

கிட்டே போய் உட்கார்ந்தேன். இலை மாதிரி காது. ஓரத்தில் எப்போதோ முள் கிழித்து ஆறிய தழும்பு. ஓர் ஈ வந்து அதில் உட்கார்ந்தது. உயிரோடு இருந்தால் ஒரு சிலுப்பில் பறந்திருக்கும். காது அசையவில்லை. பங்களாவில் பார்த்த அப்பளக் காதுதான் ஞாபகத்துக்கு வந்தது. எத்தனை கிலோ பட்டி அடைத்தாலும் இந்த ஈயை விரட்ட முடியுமா?

செத்துக் கிடந்தாலும் காட்டு விலங்கு அரசாங்கச் சொத்து. வனத்துறைக்குப் போன் பண்ணிவிட்டு, அவர்கள் வரும்வரை காக்கை அண்டாமல் நின்றேன். ஆபீஸுக்கு ஒன்றரை மணி நேரம் லேட். காரணம் சொன்னேன். மேனேஜர் நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி கறிக்கடை.

"படிப்பு எப்படிப் போகுது சார்?" என்றார் பாய்.

"காதுல பாஸ் பாய். இந்த வாரம் ஒரு ஆட்டுத்தலை கொடுங்க!"