உறைபனி நாட்களில் நீலகிரி

நீலகிரிக்குச் செல்ல உகந்த காலம் எது என்ற கேள்விக்கு இதுவரை தரப்பட்டுவந்த விடை, மலையின் தட்பவெப்பத்தைவிடச் சமவெளியின் வெயிலையே அதிகம் சார்ந்திருக்கிறது. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் தங்கி, பின்னர் உதகமண்டலத்தில் வீடு கட்டிக் குடியேறினார். அதன் தொடர்ச்சியாகச் சென்னை மாகாண அரசு கோடைதோறும் கோப்புகளோடும் குமாஸ்தாக்களோடும் மலையேறத் தொடங்கியபோது, ஏப்ரலும் மேயும் 'சீசன்' என்றும், மழை ஓய்ந்த செப்டம்பரும் அக்டோபரும் 'இரண்டாம் சீசன்' என்றும் ஒரு நாட்காட்டி உருவாயிற்று. மலர்க் கண்காட்சி முதல் விடுதி வாடகை வரை இன்றும் அந்த நாட்காட்டியின்படியே நடக்கின்றன. உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்ததும், அடுத்த ஆண்டுக் கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதிகளில் 8,000 என வண்டிகளுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டதும் அதே மாதங்களின் நெரிசலால்தான். புத்தாண்டு, பொங்கல் விடுமுறைக் கூட்டம் இறங்கிச் சென்றபின் பிப்ரவரி வரை நீளும் வாரங்கள், வணிகர்களின் கணக்கில் 'ஆஃப் சீசன்' என்று ஒதுங்கிவிடுகின்றன. கால்நடையாக மலையைப் பார்க்க விரும்புவோருக்கோ, மலை தன் இயல்பை ஒளிக்காமல் காட்டும் காலம் இதுவே.

அந்த இயல்பின் மையத்தில் இருப்பது உறைபனி. மலைவாசிகள் பனியை இரண்டாகப் பிரித்துப் பேசுவர்: வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நவம்பர் வாக்கில் புல்லிலும் இலையிலும் துளியாகத் திரளுவது நீர்ப்பனி, வானம் முற்றாகத் தெளிந்தபின் டிசம்பர், சனவரி இரவுகளில் வெண்மையாகப் படிவது உறைபனி. மேகம் இல்லாத இரவில் நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தைத் தடையின்றி வானுக்கு இழந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலவே சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. இதனால் ஒரு விந்தை நேர்கிறது. தமிழ்நாட்டு நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்தில் இருந்தும், விடியற்காலையில் அதைவிடக் கடுங்குளிர் பல நாட்களில் தலைக்குந்தா, காந்தல், உதகையின் பழைய குதிரைப் பந்தயத் திடல், அவலாஞ்சி போன்ற தாழ்விடங்களில்தான் பதிவாகிறது; அங்கெல்லாம் வெப்பமானி பூஜ்ஜியத்தைத் தொடுவதும், சில ஆண்டுகளில் அதற்கும் கீழே இறங்குவதும் வழக்கம். குளிரைத் தேடிச் சிகரத்துக்கு ஓடுவோர் தவறான திசையில் ஓடுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

தலைக்குந்தாப் பக்கம் விடியலில் நிற்பவருக்கு முதலில் தெரிவது சாலையோரத்து இருசக்கர வண்டிகளின் இருக்கைமேல் உப்பைத் தூவியதுபோல் படிந்த வெள்ளை, பிறகு புல்வெளி. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் ஊசியூசியாகப் பனிப்படிகம் ஒட்டியிருக்கும்; மிதித்தால் நொறுங்கும் ஓசை கேட்கும். கதிரவன் எதிர்க் குன்றின் மேலேறியதும் வெயில் படும் இடமெல்லாம் பச்சையாகவும், மரநிழல் விழும் இடம் மட்டும் அந்த மரத்தின் வடிவிலேயே வெள்ளையாகவும் சிறிது நேரம் நிற்கும். ஆட்டோ ஓட்டுநர்கள் சுள்ளி கூட்டித் தீ மூட்டிக் கைகளைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். ஒன்பது மணிக்குள் எல்லாம் கரைந்து, பகல் இருபது பாகை வரை சூடேறி, நடப்பவர் கம்பளிச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள நேரும். ஒரே நாளில் இத்தனை ஏற்ற இறக்கம் கோடையில் இல்லை.

இந்த உறைபனிதான் மேட்டு நீலகிரியின் நிலத்தோற்றத்தை வரைந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. மேட்டுநிலம் முழுவதும் ஒரு காலத்தில் இரண்டு வகைப் பசுமையால் ஆனதாக இருந்தது: மேடுகளிலும் சரிவுகளிலும் விரிந்த புல்வெளி, நீரோடும் மடிப்புகளில் அடர்ந்து நின்ற சோலை. சோலை என்பது இங்கு பூங்காவைக் குறிப்பதன்று. குட்டையான, பாசி படர்ந்த, என்றும் பசுமை மாறாத மலைக்காடு. அதன் மரங்கள் வெப்பமண்டல மரபைச் சேர்ந்தவையாதலால், காட்டின் நிழலைவிட்டு வெளியே திறந்த புல்லில் விழுந்து முளைக்கும் கன்றுகள் உறைபனி இரவுகளில் கருகிவிடுகின்றன. காட்டுத் தீயும் உறைபனியோடு சேர்ந்து, காடு புல்லை விழுங்காதபடி எல்லையைக் காத்துவந்திருக்கிறது என்பது சூழலியலார் பலர் ஏற்கும் விளக்கம். மனிதர் காட்டை வெட்டியதால் உண்டான வெற்றுநிலமே இந்தப் புல்வெளி என்ற பழைய எண்ணத்துக்கு வலுவான மறுப்பு 1993இல் வந்தது. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணில் உறைந்திருந்த கரிம ஐசோடோப்புகளை அளந்து, ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளில் புல்லும் காடும் பருவநிலைக்கேற்ப மாறிமாறி விரிந்து சுருங்கிய வரலாற்றை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஆயினும் புல்வெளியைத் தரிசு என்று கருதிய காலத்தில் நட்ட கற்பூர மரமும் சீகை மரமும் பைன் மரமும் அதற்குள் பெரும்பகுதியை மூடிவிட்டன. உறைபனிக்குச் சளைக்காமல் புல்வெளி நடுவே தனித்து நிற்கும் மரம் காட்டுப் பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான். தடித்த பட்டையும் தோல்போன்ற இலையும் கொண்ட அது, புல் பழுப்பேறிக் கிடக்கும் இந்த மாதங்களில்தான் செக்கச்செவேலெனப் பூக்கிறது.

எஞ்சிய புல்வெளியைக் காண அவலாஞ்சி, முக்கூர்த்திப் பக்கமே செல்ல வேண்டும். நினைத்தபடி செல்ல முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபின் மாநிலத்தில் மலையேற்றத்தின்மீது கட்டுப்பாடுகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை பதினான்கு மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையவழிப் பதிவும் உள்ளூர்ப் பழங்குடி இளைஞரின் வழிகாட்டுதலும் உடைய திட்டத்தைத் தொடங்கியது. நீலகிரியில் அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா, கூடலூர்ச் சாலையிலுள்ள ஊசிமலை, உதகையை ஒட்டிய கெய்ர்ன் ஹில், கோத்தகிரியின் லாங்வுட் சோலை ஆகியன அதில் அடங்கும். பெட்டா என்றால் படகர் மொழியில் மலை. மழைக்காலத்தில் இதே பாதைகளில் அட்டை கால்களைச் சூழும், மேகம் கண்ணை மறைக்கும்; அவலாஞ்சி 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கண்ட இடம். உறைபனிக் காலத்தில் அட்டை இல்லை, காற்று தூசியற்றது, வழுக்கல் விடியலில் மட்டும் உண்டு. முக்கூர்த்திப் பாறை விளிம்புகளில் வாழும், தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடுகள் பெரும்பாலும் இந்தக் குளிர்மாதங்களில்தான் குட்டி ஈனுகின்றன. ஆகவே வழிகாட்டி தொலைவிலேயே நிறுத்திவிட்டால் முகம் சுளிப்பது நியாயமன்று.

மேட்டுநிலக் குளிருக்கு அஞ்சுவோர் கிழக்கே கோத்தகிரிக்கு இறங்கலாம். லாங்வுட் சோலை 116 எக்டேர் மட்டுமே உள்ள சிறு காடு. சுற்றிலும் தேயிலையும் குடியிருப்பும் நெருக்க, கீழ்ச்சரிவு ஊர்களுக்குக் குடிநீரைத் தந்துகொண்டு தாக்குப்பிடித்து நிற்கிறது. 2024 சனவரியில் இது ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலமாக அறிவிக்கப்பட்டது. காட்டை நீர்நிலம் என்பது முதலில் வியப்பளித்தாலும், உள்ளே மண் ஆண்டு முழுவதும் ஈரம் விடாமல் இருப்பதைக் கண்டால் பொருத்தம் விளங்கும். இந்த மாதங்களில் இம்மலைகளுக்கு வரும் பறவை விருந்தாளியும் உண்டு: காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இனப்பெருக்கம் செய்யும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற செம்மார்புக் குருவி, குளிர்காலத்தைக் கழிக்கத் தேர்ந்தெடுப்பது நீலகிரி போன்ற தென்னக மலைகளையும் இலங்கையின் மலைநாட்டையும்தான்.

தேயிலைக்கு உறைபனி பகையும் நட்புமாக இருக்கிறது. இலையின் திசுக்களுக்குள் நீர் உறைந்து செல்களைக் கிழித்துவிட, மேலே வெயில் சுள்ளென்று விழும்போது கொழுந்து கருகிச் செம்பழுப்பாகிவிடும். பள்ளத்தில் அமைந்த தோட்டங்கள் மொத்தமாகத் தீய்ந்ததுபோல் தோன்றும், கவாத்து செய்த செடிகள் துளிர்க்கத் திணறும். கதிரவன் எழுமுன் தெளிப்பான்களால் நீர் தெளித்துப் பனியைக் கழுவுவது ஒரு காப்பு. இடையிடையே நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் கவிகையும் நிலத்தின் வெப்பம் வேகமாக வெளியேறாமல் ஓரளவு தடுக்கிறது. 1848இல் தொடங்கிய உதகை தாவரவியல் பூங்காவில் இதைவிட எளிய முறை ஒன்றைக் காணலாம்: கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கிளைகளை வெட்டிவந்து, அலங்காரச் செடிகள் ஒவ்வொன்றின் மேலும் கூடாரம்போல் சாய்த்து மூடிவைப்பார்கள். மே மாதத்து மலர்ப் பாத்திகளைவிட இந்த மிலார்க் கூடாரங்கள் மலையைப் பற்றி அதிகம் கற்பிப்பவை.

நட்பு என்பது மணத்தில் இருக்கிறது. குளிரில் வளர்ச்சி மந்தமாகிப் பறிக்கக் கிடைக்கும் கொழுந்து குறைந்தாலும், மெல்ல வளர்ந்த இலையில் மணப்பொருள்கள் செறிவதால், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உயர்தரத் தோட்டங்கள் உருவாக்கும் குளிர்காலத் தேயிலையை வாங்குவோர் தேடிவந்து வாங்குகின்றனர். ஆனால் அந்த விலை ஒரு சில தோட்டங்களுக்கே வாய்க்கிறது. பச்சைத் தேயிலையை எடைபோட்டு ஆலைக்குக் கொடுக்கும் சிறு விவசாயிக்கு உறைபனி என்றால் வரத்துக் குறைவு மட்டுமே. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கிய 'டேன்டீ' என்னும் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் குளிர்மாதம் மெலிந்த மாதமே. அவர்களுள் நுவரெலியாப் பக்கத்திலிருந்து வந்தோருக்கு உறைபனி புதிதாக இருந்திருக்க வழியில்லை. அங்கும் சனவரியில் தேயிலை கருகுவதுண்டு.

இந்தக் குளிர்மாதங்களை மலையின் சொந்த மக்கள் திருவிழாவுக்கு உரியனவாகக் கொண்டிருக்கிறார்கள். படகர்கள் தங்கள் மூதாட்டித் தெய்வமான ஹெத்தையம்மனுக்கு மார்கழிப் பௌர்ணமியை ஒட்டிய திங்கட்கிழமையில் விழா எடுக்கிறார்கள். கோத்தகிரி அருகே பேரகணியில் அது பெருந்திரளாக நடக்க, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடப்படும். விரதமிருக்கும் ஹெத்தைக்காரர்கள் வெள்ளை உடுத்து, கைத்தடியும் குடையுமாக, ஹட்டி எனப்படும் ஊர்களின் வழியே கால்நடையாகச் செல்வதைத் தேயிலைச் சரிவுகளின் ஒற்றையடிப் பாதைகளில் காணலாம். மலையேற்றம் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே இந்த மலையில் நடந்துவரும் குளிர்கால நடை இது. அதே பருவத்தில் தோடர்கள் தலைக்குந்தாவை அடுத்த முத்தநாடு மந்தில் கூடி, மொற்பர்த் பண்டிகையைக் கொண்டாடுகின்றனர். மந்து என்பது தோடர் குடியிருப்பு. பூத்தையல் போர்வை அணிந்த ஆண்கள் கூம்புக் கோயிலின் முன் வழிபட்டு, வட்டமாக நின்று பாடி ஆடியபின், இளைஞர்கள் கனத்த உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளில் ஏற்றி வலிமை காட்டுவர். பார்க்கச் செல்வோர் காலணியைக் கழற்றி, பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, நிறுத்தும் இடத்தில் நிற்பது மரபு.

தங்குமிடம் பற்றி ஒன்றே சொல்லத் தகும். வாடகை குறைந்தாலும் பழைய பங்களாக்களின் சுவர்கள் குளிரை நாள்கணக்கில் விடாமல் பிடித்துவைத்திருக்கும். அதற்கு அஞ்சிக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்குவது, மணமற்ற கார்பன் மோனாக்சைடால் உயிரையே பறிக்கக் கூடியது. புகைபோக்கியுள்ள கணப்பு, இரட்டைக் கம்பளி, சூடான தேநீரில் தோய்த்த வர்க்கி ஆகியவை போதும்.

இத்தனைக்கும் எல்லை வகுப்பதும் அதே உறைபனியே. டிசம்பர் முதல் கருகிக் கருகி உலர்ந்த புல், பிப்ரவரி வெயிலில் தீப்பொறிக்குக் காத்திருக்கும் எரிபொருளாகிவிடுகிறது. வனப் பணியாளர்கள் சனவரியிலிருந்தே சாலையோரங்களிலும் காட்டெல்லைகளிலும் புல்லைச் செதுக்கி எரித்துத் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கிறார்கள். பிப்ரவரி நடுவில் மலையேற்றப் பாதைகள் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு மூடப்படும். எனவே நடைக்கு உண்மையில் கிடைப்பது வடகிழக்கு மழை ஓய்ந்த டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி முதல் வாரங்கள் வரை மட்டுமே. அதிலும் விடுமுறைக் கூட்டத்தைத் தவிர்க்க எண்ணுவோர், பொங்கலுக்கு அடுத்த வாரத்தின் வேலைநாள் ஒன்றில் அவலாஞ்சிக்குப் பதிவு செய்துகொண்டு, முந்தைய இரவே உதகையில் தங்கி, விடியுமுன் புறப்பட வேண்டியிருக்கும்.