பட்டம் சூட்டியவர் யார்?

மாடம்பாக்கத்தில் என் மகள் வீட்டு மாடியறையில் இருந்தபடியே என் பேரன் ஐரோப்பாவையும் எகிப்தையும் ஆண்டு கொண்டிருக்கிறான். 2006-இல் வெளிவந்த 'மெடீவல் டூ: டோட்டல் வார்' என்னும் கணிப்பொறிப் போர் விளையாட்டுதான் அவனுடைய பேரரசு. அதில், சிறைப்பட்டோரை விடுவிக்கும் தளபதிக்குப் பெருந்தன்மை ஏறும். கொல்பவனுக்கு, அவனைக் கண்டு பிறர் நடுங்கும் அச்சம் ஏறும். கணக்கு ஓரளவைத் தாண்டியதும் அவன் பெயரோடு அதற்கேற்ற அடைமொழி ஒன்று ஒட்டிக்கொள்ளும். "இந்தப் பட்டத்தைக் கொடுப்பது யாரப்பா?" என்று கேட்டேன். "யாரும் இல்லை நன்னா, தானா வரும்" என்றான்.

தானாக வந்த பட்டம் ஒன்றை வரலாற்றில் காண்பது அரிது. முதலாம் பராந்தகன் 'மதுரை கொண்ட கோப்பரகேசரி' எனத் தன் கல்வெட்டுகளில் தானே பொறித்துக்கொண்டான். இராசராசனின் படைத்தலைவன் கிருஷ்ணன் இராமன் பெற்ற 'மும்முடிச்சோழ பிரம்மராயன்' என்னும் பட்டத்திலோ பாதி அரசனுடைய பெயர்! பெற்றவனைவிடக் கொடுத்தவனே அதில் பெரிதாகத் தெரிகிறான்.

ஹிஜ்ரி 8-இல் (கி.பி. 629) நிகழ்ந்த மூத்தா போரை நினைத்துப் பாருங்கள். ஸைத், ஜஅஃபர், அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) என்று மூன்று தளபதிகள் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தனர். கொடியை ஏந்திய காலித் இப்னு வலீத் (ரலி) நாடு எதையும் வெல்லவில்லை. எஞ்சிய படையை அழிவினின்று மீட்டு வந்தார். மதீனாவில் சிலர் அப்படையின்மீது மண்ணை வாரி வீசி, 'ஓடி வந்தவர்கள்' என்று இகழ்ந்ததாகவும், பெருமானார் (ஸல்) அதை மறுத்து, 'மீண்டும் பாய்பவர்கள்' என்று பெயரை மாற்றியதாகவும் இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். காலிதுக்கு 'ஸைஃபுல்லாஹ்', அதாவது அல்லாஹ்வின் வாள், என்னும் பெயர் வாய்த்ததும் அப்போதுதான். இரு கைகளையும் இழந்து வீழ்ந்த ஜஅஃபர், 'இரு சிறகுகள் உடையவர்' ஆனார். பின்வாங்கலுக்கும் மரணத்துக்கும் பட்டம் தர என் பேரனின் பொறிக்குத் தெரியாது.

நம் பக்கத்துக்கு வருவோம். மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வழியே வடக்கே சென்றால் பரங்கிமலை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அவருடைய உணவு வழிகளை அறுத்துக்கொண்டிருந்தவர்களுள் ஒருவர் யூசுப் கான். 1759 பிப்ரவரியில் பரங்கிமலைச் சண்டையிலும் அவர் இருந்தார். கும்பினியின் சிப்பாய்களுக்கு அவர் 'கமாண்டண்ட்'. அந்த வெள்ளைக்காரச் சொல்லைத் தமிழர் நாக்கு 'கம்மந்தான்' என்று தனக்கேற்பப் பிசைந்து கொண்டது.

பின்னர் மதுரையை ஆண்ட அவர், ஆர்க்காட்டு நவாபுக்கும் கும்பினிக்கும் பணிய மறுத்தார். நீண்ட முற்றுகைக்குப் பின் உடனிருந்தோராலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிடப்பட்டார். கும்பினியின் ஏட்டில் அவர் 'கலகக்காரர்'. 1914-இல் ஹில் என்னும் ஆங்கிலேயர் அவரைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே கலகக்காரரும் கம்மந்தானும் அடுத்தடுத்து நிற்கின்றனர். உயர்த்திய கையும் தூக்கிலிட்ட கையும் ஒன்றே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவரைக் குறையற்றவராக்கும் விருப்பம் எனக்கில்லை. 1761-இல் பூலித்தேவரின் கோட்டைகளை வீழ்த்தியவரும் அவரே. நெற்கட்டான்செவல் பக்கத்தில் அந்நாளில் அவரை எப்பெயரிட்டு ஏசியிருப்பார்களோ! விளையாட்டில் ஒரு தளபதிக்கு ஒரு கணக்கேடு போதும். இங்கோ, வென்ற ஊருக்கு ஒன்று, தோற்ற ஊருக்கு ஒன்று, சம்பளம் கொடுத்தவனுக்கு ஒன்று.

மதுரை மக்கள் தமக்கென ஓர் ஏடு வைத்துக்கொண்டனர். நா. வானமாமலை பதிப்பித்த 'கான் சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடல் அவர்களுடையது. சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் தர்காவாக நிற்கிறது. நகருக்குள் ஒரு தெருவுக்கு இன்றும் கான்சாமேட்டுத் தெரு என்றுதான் பெயர். கும்பினி திரும்பப் பெற்றுக்கொண்ட கம்மந்தான் பட்டத்தை மட்டும் அவர்கள் திருப்பிக் கொடுக்கவேயில்லை.