வெயில் காய்ச்சிய நீர்

2022 ஆம் ஆண்டின் இடர்களை, இலங்கையில் வாழும் எம் பழைய மாணவர் எவரும் மறந்திரார். அவ்வாண்டு பங்குனி இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையிற் காத்துக் கிடந்தனர். நுவரெலியாவிற் குடியிருக்கும் எமக்கு வேறொரு கவலையும் சேர்ந்தது. கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலுள்ள அவ்வூரில் விடியற்காலைக் குழாய்நீர் கையை விறைக்கச் செய்யும். எம் அன்னையாரோ எண்பதைக் கடந்தவர். நீராடாது சுவாமி விளக்கேற்ற அறியாதவர். மூட்டுவாதம் காரணமாகக் குளிர்நீரை வைத்தியர் விலக்கியிருந்தார். மழையில் நனைந்த விறகு புகைந்ததேயன்றி எரியவில்லை. “விளக்கு வையாத வீட்டிலை நான் இருந்தென்ன, தம்பி?” என்று அவர் ஒருநாட் கேட்டமை எம்மை உறுத்திற்று.

சூரிய வெப்பத்தைச் சிறைப்பிடித்தல் புதிய வித்தையன்று. 1767 இல் ஜெனீவாவைச் சேர்ந்த டி சொசூர் தொடங்கிய சோதனைகளில், கண்ணாடி மூடிய பெட்டியினுள்ளே ஈற்றில் நீரின் கொதிநிலையை விஞ்சிய வெப்பநிலை காணப்பட்டது. 1909 இல் கலிபோர்ணியாவில் வில்லியம் பெயிலி என்பார் வெயிலேற்கும் பெட்டியையும் நீர்த்தாங்கியையும் வேறாக்கி, தாங்கிக்குக் காப்பிட்டு, இரவிலும் சூடுநீர் கிடைக்கச் செய்தார். எமக்கு வேண்டியதும் அதுவே. பகலிற் காய்ந்த நீர் மறுநாள் விடியுமுன் அன்றோ தேவைப்பட்டது!

இதற்கான தத்துவம் எமது கல்லூரி ஆய்வுகூடத்திற் கண்டதுதான். நாற்சதுரமாக வளைந்த கண்ணாடிக் குழாயில் நீர் நிரப்பி, ஊதாநிறப் பளிங்கொன்றை இட்டு, ஒரு மூலையை மதுசார விளக்காற் சூடாக்குவார் பௌதிக ஆசிரியர். சூடேறிய நீர் இலேசாகி மேலெழ, குளிர்ந்த நீர் அதனிடத்துக்கு வர, நிறம் குழாயைச் சுற்றிவரும். மேற்காவுகை என்னும் அப்பெயரைப் பரீட்சையோடு கைவிட்டவர் எம் வகுப்பிற் பலர்.

2 சதுர மீற்றர் பரப்புள்ள மரப்பெட்டி ஒன்று செய்வித்தோம். அடியில் மூன்று அங்குலத் தடிப்புக்குத் தும்பு. அதன்மேல் மங்கலான கறுப்புப் பூசிய செப்புத் தகடு. தகட்டோடு பற்றாசு வைத்து இணைத்த அரை அங்குலச் செப்புக் குழாய்கள் பத்து. அவற்றின் தலையையும் காலையும் பிணைக்க ஓரங்குலக் குழாய்கள் இரண்டு. மேலே கண்ணாடி, அது வெயிலை உள்ளே விட்டு, தகட்டின் வெப்பம் புறம்போகாது காக்கும். செம்பின் விலை எமது இரண்டு மாத ஓய்வூதியத்தை விழுங்கிற்று. ஆயினும் 100 லீற்றர் நீரை 18 பாகை செல்சியசிலிருந்து 45 பாகைக்கு உயர்த்த 3 அலகுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரம் நாடோறும் வேண்டுமென்பதைக் கணக்கிட்டு ஆறுதலடைந்தோம்.

நுவரெலியா வட அகலக்கோடு 7 பாகையை அண்மியது. ஆண்டிற் பாதிக்கு மேல் நண்பகற் சூரியன் தெற்கே நிற்பதால், பெட்டியைத் தெற்கு நோக்கி 15 பாகை சாய்த்தோம். அச்சாய்வில் மழைநீர் வடியும். குழாய்நீரும் தடையின்றி ஏறும். தாங்கியின் அடி, பெட்டியின் தலைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் இருத்தல் மிக முக்கியம். தாழ இருப்பின், இரவிற் பெட்டி குளிர்ந்ததும் நீர் எதிர்த்திசையிற் சுழன்று, பகலெல்லாம் தேடிய வெப்பத்தை வானுக்கு வாரி இறைத்துவிடும். தாங்கியைச் சுற்றி அரை அடிக்குத் தும்பு பொதிந்து, மேலே தகரம் போர்த்தோம்.

முதல்நாள் மாலை நான்கு மணிக்கு நீர் 54 பாகை காட்டியது. மறுநாட் காலை ஐந்து மணிக்கு 46 பாகை. வாளிக்குள் கையை விட்டுப் பார்த்த அன்னையார், “ஆர் தம்பி அடுப்பு மூட்டினது?” என்றார். ஆறு மணிக்குமுன் விளக்கு எரிந்தது.

ஆனி, ஆடி மழையில் வெயில் நாட்கணக்கில் முகங்காட்டாது. அந்நாட்களில் நீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். எஞ்சியதை விறகே நிறைவேற்றும். தை, மாசியிற் சில இரவுகளில் புல்மேல் உறைபனி படியும். அவ்வேளை குழாய் வெடியாதிருக்கத் தாங்கியின் வழிகளை அடைத்து, பெட்டியின் நீரை வடித்துவிடுகின்றோம். முகிலற்ற மாலைகளில் வானத்தை அண்ணாந்து பார்த்து, “இண்டைக்குப் பனி கொட்டும், தண்ணியைத் திறந்துவிடு தம்பி” என்று நினைவூட்டுபவர் அன்னையாரே.